அலுவலக ஷேர் ஃபோல்டர்: யாருக்கு எதுவரை அனுமதி?

கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளில் பேக்கிங் லிஸ்ட் திறக்கவில்லை என்று போன் வரும். சிஸ்டம்ஸ் பார்ப்பவர் அவசரத்தில் அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலைத் திறந்து, 'எவ்ரிஒன்' என்று ஒரு வரி சேர்த்து, 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்துவிடுவார். வேலை நடந்துவிடும். ஆனால் அந்த வரியை அப்புறம் யாரும் எடுப்பதில்லை. இப்படி நாலைந்து அவசரங்கள் சேர்ந்தால் போதும், சம்பளப் பட்டியலை ஸ்டோர் உதவியாளரும் பார்க்கலாம், பையருக்குக் கொடுத்த விலைக் கணக்கை வேலையை விட்டுப் போகப்போகிறவரும் பென் டிரைவில் எடுத்துப் போகலாம் என்ற நிலை வந்துவிடும்.

ரகசியம் கசிவது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தைப் பலர் யோசிப்பதில்லை. ரான்சம்வேர் ஒரு கணினிக்குள் நுழைந்தால், அந்தக் கணினியில் இருப்பவருக்கு எங்கெல்லாம் எழுதும் அனுமதி இருக்கிறதோ அங்குள்ள ஃபைல்களையெல்லாம் பூட்டிவிடும். ஒரு டேட்டா என்ட்ரி ஊழியர் தவறான இணைப்பை அழுத்தினால் அவருடைய துறை ஃபோல்டரோடு சேதம் நிற்குமா, நிறுவனம் முழுவதும் படுக்குமா என்பதை நீங்கள் முன்கூட்டியே கொடுத்த அனுமதிதான் முடிவு செய்கிறது.

திருப்பூரில் நாற்பது ஐம்பது பேர் கணினியில் வேலை பார்க்கும் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தை மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். மெர்ச்சண்டைசிங், உற்பத்தி, கணக்கு, ஹெச்ஆர், ஷிப்பிங் என்று ஐந்து துறைகள். ஒரு விண்டோஸ் சர்வர். உங்கள் அலுவலகம் ஆடிட்டர் ஆபீஸாகவோ பள்ளியாகவோ இருந்தாலும் முறை இதேதான்.

முதலில் காகிதம்

மவுஸைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடது பக்கம் ஃபோல்டர்கள், மேலே வேலைப் பொறுப்புகள். ஆட்களின் பெயர் வேண்டாம். 'மெர்ச்சண்டைசர்', 'கணக்காளர்', 'ஷிப்பிங் உதவியாளர்' என்று எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்றுதான் வரலாம்: எதுவும் இல்லை, படிக்கலாம், எழுதலாம்.

இந்தத் தாளோடு துறைத் தலைவர்களிடம் போகும்போது, "இது யாருக்கெல்லாம் வேண்டும்?" என்று கேட்காதீர்கள். எல்லாருக்கும் வேண்டும் என்றுதான் பதில் வரும். "இது திறக்காவிட்டால் நாளைக் காலையில் யாருடைய வேலை நிற்கும்?" என்று கேளுங்கள். பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரையும் அங்கேயே எழுதி வாங்குங்கள். கணக்கு ஃபோல்டருக்குக் கணக்கு மேலாளர், ஹெச்ஆர் ஃபோல்டருக்கு ஹெச்ஆர் மேலாளர். யாருக்கு அனுமதி என்று முடிவு செய்வது அவர்கள் வேலை. அதைச் செய்து கொடுப்பது மட்டும் சிஸ்டம்ஸ் பார்ப்பவர் வேலை. இந்த எல்லை தெளிவாக இல்லாத அலுவலகத்தில் மீதி எதுவும் நிலைக்காது.

கட்டம் போடும்போதே ஒரு சிக்கல் தலைகாட்டும், அங்கே நிதானமாக உட்காருங்கள். ஏற்றுமதி அலுவலகங்களில் வழக்கமாக ஆர்டர் எண் வாரியாக ஃபோல்டர் இருக்கும். ஒரே ஆர்டருக்குள் டெக் பேக், அளவு விவரம், காஸ்டிங் ஷீட், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் கிடக்கும். டெக் பேக் உற்பத்தித் துறைக்குக் கட்டாயம் வேண்டும். காஸ்டிங் ஷீட் அவர்கள் கண்ணில் படக் கூடாது. இப்போதைய அமைப்பில் இதைச் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு ஆர்டருக்குள்ளும் நுழைந்து காஸ்டிங்கை மட்டும் தனியாகப் பூட்ட வேண்டும். நூறு ஆர்டர் என்றால் நூறு இடம், புது ஆர்டர் வரும்போதெல்லாம் இன்னொன்று. என்றாவது ஒருநாள் யாராவது மறந்துபோவார்கள்.

அதனால் மரத்தையே மாற்றி அமையுங்கள். மேல் மட்டத்தில் 'ஆர்டர்' என்று ஒரு ஃபோல்டர், 'காஸ்டிங்' என்று இன்னொரு ஃபோல்டர். இரண்டுக்குள்ளும் அதே ஆர்டர் எண்களில் துணை ஃபோல்டர்கள் இருக்கட்டும். இனி அனுமதியை இரண்டே இடத்தில் கொடுத்தால் போதும், கீழே உள்ளதெல்லாம் தானாக அதைப் பெற்றுக்கொள்ளும். மெர்ச்சண்டைசர்கள் முதல் வாரம் முணுமுணுப்பார்கள், ஒரு ஆர்டருக்கு இரண்டு இடத்தில் போக வேண்டியிருக்கிறதே என்று. பரவாயில்லை, பேசிப் புரியவையுங்கள். அனுமதி வேறுபடும் இடத்தில்தான் ஃபோல்டர் பிரிய வேண்டும். இதை ஆரம்பத்தில் செய்துவிட்டால் பின்னால் வரும் தலைவலியில் பெரும்பகுதி வராமலே போகும்.

ஆளுக்குக் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுங்கள்

ஒரு ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் தனி ஆளின் பெயர் இருக்கவே கூடாது. குழுக்களை உருவாக்குங்கள். 'காஸ்டிங் படிக்க', 'காஸ்டிங் எழுத' என்று ஃபோல்டருக்கு இரண்டு குழு. பெயரைப் பார்த்தவுடனேயே எந்த ஃபோல்டர், எந்த அளவு அனுமதி என்று தெரிய வேண்டும். 'குரூப் ஒன்று', 'நியூ குரூப்' என்றெல்லாம் வைத்தால் ஆறு மாதம் கழித்து வைத்தவருக்கே புரியாது.

ஆக்டிவ் டைரக்டரி இருக்கும் அலுவலகத்தில் இரண்டு அடுக்காகச் செய்யலாம். 'மெர்ச்சண்டைசர்கள்', 'கணக்காளர்கள்' என்று பொறுப்புக் குழுக்களைக் குளோபல் வகையில் வையுங்கள். ஆட்கள் இதற்குள் இருப்பார்கள். ஃபோல்டர் குழுக்களை டொமைன் லோக்கல் வகையில் வைத்து, பொறுப்புக் குழுவை ஃபோல்டர் குழுவுக்குள் சேருங்கள். புதிதாக ஒரு மெர்ச்சண்டைசர் சேர்ந்தால் அவரை ஒரே ஒரு குழுவில் போட்டால் போதும், அவருக்கு வேண்டிய எல்லாம் திறந்துவிடும்.

டொமைன் இல்லாமல் வொர்க்குரூப்பாக இருந்தால் ஃபைல் இருக்கும் கணினியிலேயே ஒவ்வொருவருக்கும் கணக்கு தொடங்கி, அங்கேயே லோக்கல் குழு வைக்கலாம். ஒரு லோக்கல் குழுவுக்குள் இன்னொரு லோக்கல் குழுவைப் போட முடியாது என்பதால் ஆட்களை நேராகச் சேர்க்க வேண்டியிருக்கும். சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 கணினியையே சர்வராக வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே சமயத்தில் 20 கணினிகளுக்கு மேல் அதில் இணைய முடியாது. 'இன்று மட்டும் ஏனோ ஷேர் திறக்கவில்லை' என்ற புகாரில் சிலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கும். அந்த அளவைத் தாண்டினால் சர்வரோ, நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியோ வாங்கிவிடுங்கள்.

இரண்டு வாசல்

விண்டோஸில் ஒரே ஃபோல்டருக்கு இரண்டு விதமான அனுமதி உண்டு. 'ஷேரிங்' தாவலில் உள்ளது ஒன்று, 'செக்யூரிட்டி' தாவலில் உள்ளது இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டு வாசலையும் கடக்க வேண்டும். இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். ஷேரிங்கில் 'ரீட்' மட்டும் இருந்தால், செக்யூரிட்டியில் எவ்வளவு தாராளமாகக் கொடுத்திருந்தாலும் எழுத முடியாது. அந்தக் கணினியிலேயே உட்கார்ந்தோ ரிமோட் டெஸ்க்டாப்பிலோ திறப்பவருக்கு ஷேரிங் வாசலே கிடையாது, செக்யூரிட்டி மட்டும்தான்.

இரண்டு இடத்திலும் நுணுக்கமாக அமைத்தால் எங்கே தடுக்கிறது என்று தேடியே நாள் போய்விடும். நான் பரிந்துரைப்பது: ஷேரிங்கில் 'எவ்ரிஒன்' வரியை எடுத்துவிட்டு, 'அதென்டிகேட்டட் யூசர்ஸ்' குழுவுக்கு 'சேஞ்ச்' கொடுங்கள், அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கு மட்டும் 'ஃபுல் கன்ட்ரோல்'. மற்ற எல்லாக் கட்டுப்பாட்டையும் செக்யூரிட்டி தாவலில் வையுங்கள்.

செக்யூரிட்டியில் ஊழியர்களுக்கு 'மாடிஃபை' தாராளமாகப் போதும். படிக்க, எழுத, திருத்த, அழிக்க எல்லாம் அதில் அடங்கும். 'ஃபுல் கன்ட்ரோல்' கூடுதலாகத் தருவது முக்கியமாக இரண்டு: அனுமதிகளையே மாற்றும் உரிமை, ஃபோல்டரின் உடைமையைத் தன் பெயருக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை. இவை எந்தத் துறைத் தலைவருக்கும் தேவையில்லை. நிறுவன முதலாளிக்கும் தேவையில்லை.

எக்ஸ்ஃபேட் வகையில் ஃபார்மட் செய்த வெளி ஹார்ட் டிஸ்க்கை ஷேர் செய்யாதீர்கள். அதில் செக்யூரிட்டி தாவலே இருக்காது.

இனி சர்வரில்

டேட்டா டிரைவில் 'அலுவலகம்' என்று ஒரு வேர் ஃபோல்டர் தொடங்குங்கள். ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய் 'டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' அழுத்துங்கள். மேலிருந்து வந்த அனுமதிகளை வைத்துக்கொள்ளவா, நீக்கவா என்று கேட்கும். வைத்துக்கொள்ளும் தெரிவையே எடுங்கள். நீக்கும் தெரிவை எடுத்தால் உங்களையே வெளியே தள்ளிவிட வாய்ப்புண்டு. பிறகு பட்டியலில் 'சிஸ்டம்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' இரண்டையும் விட்டுவிட்டு 'யூசர்ஸ்', 'எவ்ரிஒன்', 'அதென்டிகேட்டட் யூசர்ஸ்', 'கிரியேட்டர் ஓனர்' வரிகளை நீக்குங்கள்.

இப்போது எல்லா ஊழியர்களும் உள்ள குழுவைச் சேர்த்து, படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். 'அப்ளைஸ் டு' என்ற இடத்தில் 'திஸ் ஃபோல்டர் ஒன்லி' என்று மாற்ற மறக்காதீர்கள். வாசல் வரை எல்லாரும் வரலாம், உள்ளே எந்த அறையும் தானாகத் திறக்காது என்ற நிலை இதனால்தான் வருகிறது.

அடுத்து, வேருக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அதன் படிக்கும் குழுவையும் எழுதும் குழுவையும் சேருங்கள். எழுதும் குழுவுக்கு நேராக 'மாடிஃபை' கொடுத்து முடித்துவிடுவதுதான் வழக்கம். அதில் ஒரு குறை இருக்கிறது. மாடிஃபையில் அழிக்கும் உரிமை அடக்கம் என்பதால் அந்த ஊழியர் துறை ஃபோல்டரையே நகர்த்தவும் முடியும். மவுஸ் கை தவறி 'ஷிப்பிங்' ஃபோல்டரை இழுத்து 'ஆர்டர்' ஃபோல்டருக்குள் போட்டுவிடுவார். பத்து நிமிடத்தில் "ஷிப்பிங் ஃபோல்டரையே காணோம்" என்று ஆபீஸ் முழுக்கப் பரபரப்பு. யாரும் அழித்திருக்க மாட்டார்கள், அது இன்னொரு ஃபோல்டருக்குள் பத்திரமாக இருக்கும்.

இதைத் தடுக்க எழுதும் குழுவுக்கு ஒரே வரியாகக் கொடுக்காமல் இரண்டு வரியாகக் கொடுங்கள். முதல் வரியில் 'திஸ் ஃபோல்டர் ஒன்லி' தேர்ந்து, படிப்பதற்கும் உள்ளே புதிய ஃபைல், புதிய ஃபோல்டர் உருவாக்குவதற்கும் மட்டும் அனுமதி. இரண்டாவது வரியில் 'சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ் ஒன்லி' தேர்ந்து 'மாடிஃபை'. உள்ளே இருப்பதை அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், துறை ஃபோல்டர் மட்டும் இடம் மாறாது. இந்த ஒரு ஏற்பாடு எத்தனையோ போன் அழைப்புகளை மிச்சப்படுத்தும்.

இரண்டாம் மட்டத்துக்குக் கீழே தனி அனுமதி கொடுப்பதில்லை என்று உறுதியாக நில்லுங்கள். 'இந்த ஒரு சப் ஃபோல்டரை மட்டும் இன்னாருக்கு' என்று கேட்பார்கள். அதை வெளியே எடுத்து மேல் மட்டத்தில் தனி ஃபோல்டராக வைத்துக் கொடுங்கள்.

'டினை' என்ற தடைக் கட்டத்தையும் தொடாதீர்கள். ஒருவர் இரண்டு குழுவில் இருந்து ஒன்றில் அனுமதியும் மற்றதில் நேரடித் தடையும் இருந்தால் தடையே வெல்லும். 'எவ்ரிஒன்' என்பதற்குத் தடை போட்டால் அதில் அட்மினிஸ்ட்ரேட்டரும் அடக்கம். ஒருவருக்கு அனுமதி வேண்டாமென்றால் அவரைக் குழுவில் சேர்க்காமல் விட்டாலே போதுமே.

கடைசியாக, சர்வர் மேனேஜரில் ஷேரின் அமைப்புகளுக்குள் 'ஆக்ஸஸ் பேஸ்டு எனுமரேஷன்' என்ற தெரிவை இயக்குங்கள். அனுமதி இல்லாத ஃபோல்டர் அவர் கண்ணுக்கே தெரியாது. சைனாலஜி போன்ற நாஸ் பெட்டிகளிலும் இதே வசதி உண்டு. பூட்டிய ஃபோல்டர் கண்ணில் படும்போதுதான் 'எனக்கு ஏன் இல்லை' என்ற கேள்வி எழுகிறது. ஷேர் பெயரின் கடைசியில் டாலர் குறி போட்டு மறைப்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பட்டியலில் பெயரைக் காட்டாது, அவ்வளவுதான். பெயர் தெரிந்தவர் தட்டச்சு செய்து உள்ளே வந்துவிடலாம்.

டேலி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டேட்டா ஃபோல்டரை ஷேர் செய்து பலர் டேலி போடும் முறையில் அவர்கள் அனைவருக்கும் அந்த ஃபோல்டரில் எழுதும் அனுமதி இருந்தாக வேண்டும். டேலிக்குள் வைக்கும் பாஸ்வேர்டு, யாராவது ஃபைல் எக்ஸ்ப்ளோரர் வழியாக அந்த ஃபோல்டரை நகலெடுப்பதையோ அழிப்பதையோ தடுக்காது. எனவே அதைத் தனி ஷேராகப் பிரித்து, கணக்குத் துறைக் குழுவுக்கு மட்டும் கொடுங்கள். தினமும் பேக்கப் எடுங்கள்.

நகர்த்தினால் அனுமதியும் கூடவே வரும்

அனுபவம் உள்ளவர்களையும் குழப்பும் விஷயம் இது. ஒரு ஃபைலை நகலெடுத்தால் அது போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதியைப் பெறும். அதே டிரைவுக்குள் வெட்டி ஒட்டினால், பழைய இடத்து அனுமதியையே சுமந்துகொண்டு வரும். ஹெச்ஆர் ஃபோல்டரிலிருந்து ஒரு சுற்றறிக்கையைப் 'பொது' ஃபோல்டருக்கு நகர்த்தினால் யாருக்கும் திறக்காது. அது உடனே தெரிந்துவிடும், சரிசெய்துவிடலாம். ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. 'பொது'வில் தயாரித்த சம்பள உயர்வுப் பட்டியலை ஹெச்ஆருக்குள் நகர்த்தினால், ஃபைல் பூட்டிய அறைக்குள் இருப்பதுபோல் தோன்றும், அதன் அனுமதி மட்டும் பழையபடி எல்லாருக்கும் திறந்தே இருக்கும்.

ஊழியர்களுக்குச் சொல்லுங்கள்: ஃபோல்டர் விட்டு ஃபோல்டர் போகும்போது நகலெடுத்து ஒட்டி, பிறகு பழையதை அழிக்கவும். சர்வரில் நீங்களே பெரிய அளவில் நகர்த்தியிருந்தால், புதிய ஃபோல்டரின் அட்வான்ஸ்டு பக்கத்தின் கீழே உள்ள, கீழ்நிலை அனுமதிகளையெல்லாம் மாற்றி எழுதும் கட்டத்தைத் தேர்ந்து ஒருமுறை இயக்குங்கள். கீழே யாராவது தனி அனுமதி வைத்திருந்தால் அதுவும் அழிந்துபோகும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாம் மட்ட விதியைக் கடைப்பிடித்திருந்தால் இந்தப் பயம் இல்லை.

சோதித்துப் பார்ப்பது

அட்மினாக நுழைந்து 'எல்லாம் திறக்கிறது' என்று திருப்திப்படக் கூடாது. ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு சோதனைக் கணக்கு வைத்து, அதில் நுழைந்து மூன்றைப் பாருங்கள்: திறக்க வேண்டியது திறக்கிறதா, எழுத வேண்டிய இடத்தில் எழுத முடிகிறதா, மூடியிருக்க வேண்டியது மூடியிருக்கிறதா. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அனுமதி அதிகமாக இருக்கிறது என்று எந்த ஊழியரும் புகார் சொல்ல மாட்டார். அட்வான்ஸ்டு பக்கத்தில் உள்ள 'எஃபெக்டிவ் ஆக்ஸஸ்' தாவலில் ஒருவரின் பெயரைக் கொடுத்தால், எல்லாக் குழுக்களையும் கூட்டிக் கழித்து அவருக்கு இறுதியாக என்ன கிடைக்கிறது என்று காட்டும்.

குழுவில் சேர்த்த பிறகும் திறக்கவில்லை என்றால் பதறி எதையும் மாற்றாதீர்கள். அவரை லாக் ஆஃப் செய்து மறுபடி நுழையச் சொல்லுங்கள். குழு உறுப்பினர் விவரம் உள்ளே நுழையும் தருணத்தில்தான் கணக்கோடு ஒட்டிக்கொள்கிறது. இது தெரியாமல் கொடுக்கப்பட்ட 'எவ்ரிஒன்' அனுமதிகள் ஏராளம். வொர்க்குரூப் அலுவலகமாக இருந்தால் கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரையும் பாருங்கள். விண்டோஸ் கணக்கு ஒன்றையே பலரும் மாறி மாறிப் பயன்படுத்தும் கணினியில் மேலாளரின் பாஸ்வேர்டு சேமிக்கப்பட்டிருந்தால், அங்கே உட்காரும் எல்லாரும் மேலாளராகவே சர்வருக்குள் போகிறார்கள்.

வருபவர், மாறுபவர், போகிறவர்

புதிதாக வருபவரைப் பற்றிக் கவலை இல்லை, அனுமதி வரவில்லை என்றால் அவரே கேட்பார். போகிறவரின் கணக்கைக் கடைசி நாளிலேயே முடக்கிவிடுங்கள். உடனே அழிக்க வேண்டாம், அவருடைய ஃபைல்களைப் பொறுப்பாளர் சரிபார்த்த பிறகு அழிக்கலாம். ஆட்களின் பெயரை நேராக அனுமதிப் பட்டியலில் சேர்த்திருந்தால், கணக்கை அழித்த பிறகு அந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண் மட்டும் மிஞ்சும். யாருடையது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

கவனம் அதிகம் தேவைப்படுவது துறை மாறுபவரிடம். கணக்கிலிருந்து மெர்ச்சண்டைசிங்குக்கு மாறியவருக்குப் புதிய குழு உடனே கிடைக்கும், பழையதை எடுக்க யாருக்கும் தோன்றாது. பத்து வருடம் ஒரே நிறுவனத்தில் ஐந்து துறை பார்த்தவரிடம் எல்லாச் சாவியும் இருக்கும். அவர் நல்லவராக இருக்கலாம். அவருடைய கணினியில் நுழையும் வைரஸ் நல்லதாக இருக்காது. இடமாற்ற உத்தரவின் நகல் சிஸ்டம்ஸ் துறைக்கும் வர வேண்டும் என்று ஹெச்ஆரிடம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தணிக்கைக்கு வருபவர், பயிற்சிக்கு வரும் மாணவர் ஆகியோரின் கணக்கைத் தொடங்கும்போதே காலாவதி தேதி கொடுத்துவிடுங்கள்.

எந்த அனுமதியும் வாய்வார்த்தையில் வேண்டாம். ஃபோல்டர் பொறுப்பாளரிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழுவிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று அச்செடுத்துப் பொறுப்பாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஹெச்ஆர் ஃபோல்டரில் தொடங்குங்கள். தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் நகல், பிஎஃப், ஈஎஸ்ஐ விவரங்கள் அங்கேதான் இருக்கின்றன. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பித் தன் ஆவணங்களைக் கொடுத்த தையல் தொழிலாளிக்கு இது நாம் செய்ய வேண்டிய கடமை.

ரான்சம்வேரை மனதில் வைத்து இன்னும் இரண்டு வேலை. பேக்கப் இருக்கும் ஃபோல்டரில் எந்த ஊழியர் குழுவுக்கும் எழுதும் அனுமதி கூடாது. பேக்கப் எடுக்கும் கணக்கு தனியாக இருக்கட்டும். ஃபைல் ஷேரிங்குக்கான எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பு எந்தக் கணினியிலாவது இன்னும் இயங்கினால் நிறுத்திவிடுங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகமெங்கும் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான்.

ஏற்கெனவே குழம்பிக் கிடந்தால்

ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகத்தில் பழைய ஃபோல்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்த முயலாதீர்கள். பழைய அனுமதிகளை ஒரு ஃபைலில் சேமித்து வைத்துவிட்டு (விண்டோஸின் ஐகேக்ல்ஸ் கட்டளையில் அதற்கு வழி இருக்கிறது), புதிய வேர் ஃபோல்டரைத் தனியாகக் கட்டுங்கள். வாரத்துக்கு ஒரு துறையாக, ஞாயிற்றுக்கிழமையில் நகலெடுத்து மாற்றுங்கள். சிறிய துறையிலிருந்து தொடங்கினால் தவறுகள் சிறியதாக இருக்கும்போதே தெரிந்துவிடும். மாற்றிய துறையின் பழைய ஃபோல்டரை உடனே அழிக்காமல், அதைப் பயன்படுத்தி வந்தவர்களுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் விட்டு ஒரு மாதம் வைத்திருங்கள். திங்கட்கிழமை காலையில் நீங்கள் அலுவலகத்தில் இருங்கள், லீவு போடாதீர்கள்.

நிறுவனம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வேலைக்குப் பெரும்பாலும் புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பொறுப்பாளரின் மின்னஞ்சல் இல்லாமல் யார் கேட்டாலும் அனுமதி கொடுக்க வேண்டாம் என்று உங்கள் சிஸ்டம்ஸ் ஊழியருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். நீங்களே கேட்கும்போதும் அந்த விதிக்குக் கட்டுப்படுங்கள்.